ஒரு தேனீகூட ஏறக்கூடாது

"எலி இருக்கா?"

"இல்ல மிஸ்."

"கறையான்?"

"இல்ல மிஸ்."

"தேனீ?"

வாப்பா கடகடவென்று சிரித்தார். "தேனீயா? அது எங்கட வீட்டிலயே இல்ல மிஸ். போன மாசம் ஓடிப்போயிட்டு!"

படகு வாடியின் வாசலில் நின்ற சனூஸாவின் முகம் சுருங்கியது. வாப்பா அதை இப்படி எல்லோரிடமும் சொல்லத்தான் வேண்டுமா?

கிண்ணியாக் கரையில் படகு திருத்தும் வாடி சனூஸாவின் வாப்பா அன்ஸாருடையது. அங்கே சில வாரங்களாக ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு கட்டைகளின் மேல் நின்றது. அதன் சொந்தக்காரர் கொலின். தன்னந்தனியாகக் கடல் சுற்றுகிற மனிதர். நாளை காலை படகு தண்ணீரில் இறங்கும். பிறகு அவர் தன் சொந்த நாடான அவுஸ்திரேலியாவுக்குப் போவார்.

கேள்வி கேட்டவர் துசானி மிஸ். வெளிநாடு போகிற படகுகளில் பூச்சியும் நோயும் இருக்கின்றனவா என்று பார்க்கிற அதிகாரி. எலிக்கும் கறையானுக்கும் மெதுவாகத் தலையாட்டியவர், தேனீக்கு மட்டும் அழுத்திச் சொன்னார்.

"சிரிக்காதீங்க அன்ஸார். அந்த நாட்டுக்குள்ள எங்கட தேனீ ஒன்று கூடப் போகக்கூடாது. ஒன்று கூட."

சனூஸாவுக்குச் சுள்ளென்றது. "ஏன் மிஸ்? எங்கட தேனீ என்ன செஞ்சது?"

"ஒன்றும் செய்யயில்ல பிள்ளை. அதின்ட உடம்பில சின்ன உண்ணி இருக்கும். எங்கட தேனீக்கு அது பழகிப் போச்சு. ஒன்றின்ட முதுகை மற்றது பார்த்து, உண்ணியைக் கடிச்சு எறிஞ்சு போடும். அந்த நாட்டுத் தேனீக்கு அப்படிச் செய்யத் தெரியாது. உண்ணி பெருகினா பெட்டி பெட்டியாச் செத்துப் போகும்."

"பேன் மாதிரியா?" என்று கேட்டான் தம்பி பஸ்லான். "எங்கட ராத்தாட தலையில இருக்கிற மாதிரியா?"

"டேய்!"

"ஓம், அப்படி வச்சுக்கொள்ளுங்களேன்," என்று துசானி மிஸ் சிரித்தார்.

சனூஸா விடவில்லை. "அப்ப அந்த நாட்டுத் தேனீ மட்டும் இங்க வரலாமா?"

"அதுவும் ஏலாது. அங்க இருக்கிற நோய் வருத்தம் எங்கட தேனீக்குத் தொத்திச்செண்டா? அதனால அவையும் வரக்கூடாது, இவையும் போகக்கூடாது."

அப்படியென்றால் சரி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சட்டம்தான்.

துசானி மிஸ் அறை அறையாகப் பார்த்தார். கயிறு வைக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தார். "நாளைக்குக் காலமை கடைசியா ஒருக்காப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனூஸாவின் தேனீக்கள் ஓடிப்போனது உண்மைதான். வீட்டு முருங்கை மரத்தடியில் அவளுக்கு ஒரு தேனீப் பெட்டி இருந்தது. எறும்பு ஏறாமல் இருக்க, அதன் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைகளில் வைத்திருந்தாள். பாடசாலையில் விளையாட்டுப் போட்டி வந்தது. ஓட்டப் பயிற்சியில் சிரட்டைகளை மறந்தே போனாள். தண்ணீர் வற்றியது. எறும்பு ஏறியது. தேனீக்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மொத்தமாக எழும்பிப் போய்விட்டன.

ஓட்டத்தில் அவளுக்கு இரண்டாம் இடம். வீட்டுக்கு வந்து பெட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே வெறுமை. அன்றைக்கு அவள் வாங்கிய வெள்ளிக் கிண்ணத்தை யாருக்கும் காட்டவில்லை.

"நீ குளிக்கிறதில்ல. அதான் ஓடிட்டு," என்று பஸ்லான் மட்டும் தினமும் ஆறுதல் சொன்னான்.

பின்னேரம் வாப்பா படகின் மேல் கட்டியிருந்த தறப்பாளை அவிழ்த்தார். பெயின்ற் காயும்வரை வெயில் படாமலிருக்கக் கட்டியது அது. அவர் அதை மடித்துக்கொண்டு உள்ளே போனதும், சனூஸா படகை அண்ணாந்து பார்த்தாள்.

பாயின் அடிப்பக்கத்தைக் கட்டுகிற நீண்ட குறுக்குக் கம்பம் அங்கே தெரிந்தது. உள்ளே வெறுமையான கம்பம். அதன் நுனியில் கயிறு போகிற ஓட்டை. அந்த ஓட்டைக்குள் ஒரு தேனீ போனது. பின்னால் இன்னொன்று. அதன் பின்கால்களில் பூவிலிருந்து எடுத்த மஞ்சள் மாவுருண்டைகள்.

சனூஸா கிட்டப் போனாள். சும்மா சுற்றுகிற தேனீ மாவுருண்டை சுமக்காது. குஞ்சுகளுக்குச் சாப்பாடு கொண்டு போகிறது. உள்ளே கூடு இருக்கிறது!

"ராத்தா!" பஸ்லானும் பார்த்துவிட்டான். "ஒன்ட தேனீ!"

"சத்தம் போடாத."

"ஒன்ட தேனீதானா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாரு."

"சத்தம் போடாதடா. மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா மருந்தடிப்பா. எல்லாம் செத்துப்போகும்."

பஸ்லான் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு விரலிடுக்கால் கேட்டான். "சொல்லாட்டி?"

"கப்பலேறிப் போகும். உயிரோட இருக்கும்."

"அப்ப சொல்லாத."

அதுதான் நல்லது என்று சனூஸாவுக்கும் பட்டது. அவள் ஒரு மரக்குற்றியில் குந்தினாள். கரையோரச் சேற்றில் நிற்கிற கண்ணா மரங்களின் பக்கமிருந்து தேனீக்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. போகட்டும். அவையாவது தப்பிப் போகட்டும்.

அப்போது பார்த்து, கொலின் இரண்டு பிளேன்ரீயுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே சொல். ஒன்று 'நல்லம்'. மற்றது, போதும் என்பதற்குச் சொல்கிற 'காணும்'. உம்மா சோறு போட்டுப் போட்டு அந்த இரண்டாவதைப் பழக்கிவிட்டார்.

"நல்லம்?" என்று கேட்டார், அவள் முகத்தைப் பார்த்து.

சனூஸா தலையாட்டினாள்.

அவர் கைபேசியில் ஒரு படம் காட்டினார். அவருடைய பேத்தி மேகி. சனூஸாவின் வயதுதான் இருக்கும். முன்பல் ஒன்று இல்லை. ஒரு கன்னம் பணியாரம் போல வீங்கியிருந்தது. தேனீ குத்தியிருக்கிறது! அப்படியும் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள், ஒரு நீலத் தேனீப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி.

சனூஸா தேநீரைக் குடிக்கவில்லை. அது ஆறிப்போனது.

இந்தப் படகு போய்ச் சேரும். கம்பத்துக்குள்ளிருந்து தேனீக்கள் பறக்கும். உண்ணியும் பறக்கும். பிறகு ஒரு நாள் மேகி பாடசாலை விட்டு வந்து அந்த நீலப் பெட்டியின் மூடியைத் திறப்பாள்.

திறக்கும்போது உள்ளே வெறுமையாக இருந்தால் எப்படியிருக்கும் என்று சனூஸாவுக்குத் தெரியும்.

மறுநாள் காலை துசானி மிஸ் வந்தார். படகைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே போய் வந்தார். "எல்லாம் சரி," என்று பேனையின் மூடியைக் கழற்றினார்.

"சரியில்ல மிஸ்," என்றாள் சனூஸா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"கம்பத்துக்குள்ள தேனீக்கூடு இருக்கு. நேத்தே கண்டனான். பயத்தில சொல்லல்ல."

"நானும் கண்டனான்!" என்றான் பஸ்லான். "நானும் சொல்லல்ல!"

வாப்பா தலையில் கை வைத்தார். "இறக்கிற நேரத்தில சொல்றியே மகள்! ஆக்கள் கயிறும் கையுமா நிக்கிறாங்க."

துசானி மிஸ் கம்பத்தின் நுனியைப் பார்த்தார். ஒரு தேனீ சாவகாசமாக உள்ளே போனது. அவர் பெருமூச்சு விட்டார். "மருந்து என்ட வாகனத்தில இருக்கு. அரை மணித்தியால வேலை."

"மிஸ், மருந்தடிச்சா தேனீ செத்துப்போகும். கூடும் தேனும் உள்ளதானே இருக்கும்? அங்க போனதும் தேன் மணத்துக்கு அந்த நாட்டுத் தேனீ வராதா? வந்து தின்னாதா?"

"வரும். அதுக்குத்தான் கூட்டையும் தோண்டி எடுக்க வேணும்."

"எடுக்கத்தான் வேணுமெண்டா, உயிரோட எடுப்பமே!"

துசானி மிஸ் அவளை உற்றுப் பார்த்தார். "உயிரோட எடுத்தா எனக்கென்ன கோபமா பிள்ளை? எப்படி எடுக்கிற? அது நீளக் கம்பம். கை போகாது."

சனூஸா தம்பியைப் பார்த்தாள். "இவன் இருக்கான்."

"நானா?" பஸ்லான் வாப்பாவின் பின்னால் ஒளிந்தான். "நான் உள்ள போக மாட்டன்!"

"உள்ள போகத் தேவையில்ல. மிஸ், இவன் எந்த நாளும் என்ட பெட்டியில தாளம் போடுவான். நான் அடிக்கத் துரத்துவன். ஆனா அவன் கீழ தட்டத் தட்ட, தேனீயெல்லாம் மேல மேல ஏறிப் போகும். மூடியில வந்து நிக்கும். கம்பத்தைக் கழட்டிச் சரிச்சு வச்சுக் கீழயிருந்து தட்டினா, மேல வச்ச பெட்டிக்குள்ள ஏறாதா?"

வாப்பா இதையெல்லாம் கொலினுக்கு இங்கிலிசில் சொன்னார். வாப்பா முன்பு கட்டார் நாட்டில் வேலை செய்தவர். இங்கிலிசோடு கையையும் ஆட்டிப் பேசுவார்.

"அதோட, வெளியில போன தேனீயெல்லாம் பொழுதுபட்டாத்தான் திரும்பி வரும்," என்று சனூஸா மெல்லச் சொன்னாள். "அதுவரைக்கும் படகு நிக்க வேணும்."

அதையும் வாப்பா சொன்னார். கொலின் கடலைப் பார்த்தார். நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்த காற்று அதுதான். ஒரு நாள் போனால் அது திரும்பிவிடவும் கூடும்.

பிறகு அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கம்பத்தின் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன சொன்னாரு வாப்பா?"

"மேகி கேட்டா, ஏன் பிந்தினது எண்டு சொல்ல அவருக்கு ஒரு நல்ல கதை வேணுமாம்."

கம்பத்தைத் தரைக்கு இறக்கிச் சரித்து நிறுத்தினார்கள். மேல் நுனி, பெயின்ற் அடிக்க ஏறி நிற்கிற பலகையில் இருந்தது. அங்கே சனூஸாவின் பெட்டியை வைத்தார்கள். ஓட்டைக்கும் பெட்டிக்கும் இடையில் இடைவெளி விடாமல் சுற்றுவதற்கு ஒரு துணி தேவைப்பட்டது.

"உங்கட சாறம் வாப்பா."

"இது பெருநாளுக்கு எடுத்த சாறம்!"

"தேனீ அழுக்காக்காது வாப்பா."

வாப்பா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்க் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

தேனீ குத்தாமல் இருக்க, சனூஸா நுளம்புவலையைத் தலையில் போட்டுக்கொண்டாள். கீழ் நுனியில் தேங்காய்ப் பொச்சைப் புகைய வைத்தாள். பிறகு அகப்பைக் காம்பைத் தம்பியிடம் கொடுத்தாள்.

"தட்டு. ஏசமாட்டன். எவ்வளவு வேணுமோ அவ்வளவு தட்டு."

பஸ்லானால் நம்பவே முடியவில்லை. "உண்மையாவா?"

டக். டக். டக்.

சனூஸா கம்பத்தில் காதை வைத்தாள். உள்ளே 'ஊம்ம்' என்று ஒரு இரைச்சல். நெல்லுக் குத்துகிற மில் தூரத்தில் ஓடுவது போல.

"கொஞ்சம் மேல தட்டு."

டக். டக். டக்.

"இன்னும் மேல."

இரைச்சல் நகர்ந்தது! அவள் காதும் கூடவே மேலே நகர்ந்தது. பஸ்லானின் கை வலித்தபோது கொலின் தட்டினார். அவருக்குக் கை வலித்தபோது துசானி மிஸ்ஸே தட்டினார். "வீட்டில போய்ச் சொன்னா நம்ப மாட்டினம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது, சனூஸா பெட்டியின் மூடியை ஒரு விரலளவு தூக்கிப் பார்த்தாள்.

தேனீக்கள் மூடியின் அடியில் கொத்தாகத் தொங்கின. அந்தக் கொத்துக்குள் ஒரு நீளமான ராணி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவசரமில்லாமல் நடந்து போனது.

அவள் மூடியை மெதுவாக வைத்தாள். அழுகை வந்தது. வலைக்குள் கண்ணைத் துடைக்க ஏலவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

வாப்பா நீளக் கம்பியால் உள்ளே இருந்த கூட்டைக் கவனமாக இழுத்தெடுத்தார். குஞ்சு இருந்த பகுதியைச் சனூஸா வாழைநாரால் சட்டத்தில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். கம்பத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். துசானி மிஸ் விளக்கடித்து உள்ளே பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"சவர்க்கார மணம் மட்டும்தான்."

பெட்டி பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தது. கண்ணா மரங்களின் பக்கமிருந்து தேனீக்கள் வந்தன. கம்பத்தைத் தேடிச் சுற்றின. கடைசியில் பெட்டியின் வாசலில் இறங்கி, ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அடுத்த நாள் காலை படகு தண்ணீரில் இறங்கியது. காற்று மாறவில்லை. துசானி மிஸ் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். கொலின் கயிற்றை அவிழ்த்தார்.

"நில்லுங்க!" என்று பஸ்லான் கத்தினான். "தொப்பி! தொப்பி!"

கொலினின் வைக்கோல் தொப்பியின் உச்சியில் ஒரு தேனீ இருந்தது. சிறகைத் துடைத்துக்கொண்டு, தானும் பயணம் போவது போல.

"ஒன்று கூட ஏலாது," என்றார் துசானி மிஸ்.

கொலின் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். முட்டை நிறைந்த கூடையைக் கொடுப்பது போல, இரண்டு கையாலும் அதைச் சனூஸாவிடம் நீட்டினார். அவர் சொன்னதை வாப்பா தமிழில் சொன்னார்.

"தொப்பியோட வச்சுக்கொள்ளட்டாம்."

வெள்ளைப் பாய் விரிந்தது. படகு மெல்ல மெல்ல விலகியது. வெறுந்தலையோடு நின்று கொலின் கையசைத்தார். வாப்பா சாறத்தை அசைத்தார். பஸ்லான் அகப்பைக் காம்பை அசைத்தான். துசானி மிஸ்ஸும் கையசைத்தார்.

சனூஸாவும் ஒரு கையால் அசைத்தாள். மற்றக் கையிலிருந்த தொப்பியை மட்டும் அசைக்கவில்லை. அதில் இன்னும் ஆள் இருந்தது.