மண் மூட்டை தேவைப்படாது

காலியாக இருந்த சைட்காரின் ஸ்பிரிங் அமுங்கியிருந்தது.

மருதப்பன் முதலில் பார்த்தது அதைத்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. நெடுந்தூரம் ஓடுவதற்கென்றே செய்த பெரிய இங்கிலீஷ் வண்டி. அகலமான டாங்கி, பின்னால் பெட்டி கட்ட இரும்புச் சட்டம். இடப்பக்கம் சிறு படகைப் போல சைட்கார் பொருத்தியிருந்தது. அதன் தொட்டியில் ஒரு ஆள் கால் நீட்டி உட்காரலாம். அதற்கென்று தனியாக ஒரு சக்கரமும் உண்டு. ஆள் இல்லாதபோது தொட்டிக்கும் அச்சுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். அவன் கையை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல்தான் நுழைந்தது.

ஸ்பிரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சண்டைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்கு இதே மாதிரி வண்டியை ஐந்து வருடம் ஓட்டியவன் அவன். வேறு நேரமாக இருந்தால் இந்த ஒரு குறையைச் சொல்லியே பேரம் பேசியிருப்பான். இப்போது அதற்கு நேரமில்லை.

ஜப்பான்காரர்கள் சிங்கப்பூரைப் பிடித்துச் சியோனான் என்று பெயர் வைத்து ஒரு வருடம் கடந்திருந்தது. சயாமில் ரயில் பாதை போட அவன் வேலை பார்த்த இலாகாவிலிருந்து பன்னிரண்டு ஆட்கள் கேட்டிருந்தார்கள். மருதப்பன் ஒன்பதாவது பெயர். சொந்த மோட்டார் வண்டி கொண்டுவருகிறவனை வெளிவேலைக்கு எடுத்துக் கைப்பட்டை கொடுப்பார்கள், அவன் சயாமுக்குப் போக வேண்டாம் என்று தலைமைக் கிளார்க் விஸ்வலிங்கம் காதோடு சொல்லியிருந்தார். மாதக் கடைசிவரை தவணை. அதற்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. சயாமுக்குப் போன ஒருவனிடமிருந்தும் ஒரு கடுதாசி வந்ததாக சிராங்கூன் ரோட்டில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

அதனால்தான் பெர்மிட் வாங்கிக்கொண்டு விடியற்காலை ரயிலில் ஜொகூரின் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தான். தானும் வருவதாக, கூடவே குடியிருந்த மச்சினன் முத்துசாமி அடம் பிடித்தான். பெர்மிட் ஒரு ஆளுக்குத்தான் என்று சொன்னதும், முன்பல் உடைந்த வாயைத் திறந்து சிரித்தான். “அப்ப வரும்போதாவது என்னைத் தொட்டியில ஒளிச்சுக் கூட்டிட்டு வாங்க மச்சான்.”

கிராணியின் மனைவி பூரணம் அவன் கொண்டுவந்த மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை டப்பாவையும் இரண்டு வாயில் புடவைகளையும் வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வண்டி போனால் போதும் போலிருந்தது. கிராணி இராஜசிங்கம் வீட்டுக்குள்தான் இருந்தார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது. சுவரைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டான்.

“சயாமுக்கு ஆக்களை இதிலதான் இவர் ஏத்திக்கொண்டு போனவர்,” என்றாள் பூரணம். “லொறியில ஏற மாட்டம் எண்டவையை, ஒவ்வொருத்தராய். மூண்டு மாசத்தில நானே வந்து திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லித்தான் ஏத்தினவர்.”

எத்தனை பேர் திரும்பினார்கள் என்று அவன் கேட்டான். அவள் மாத்திரை டப்பாவின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

காலி சைட்காரோடு போகிறவன் இடப்பக்கம் திரும்பும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாரம் இல்லாத தொட்டி தரையை விட்டு எழும்பி, வண்டியைக் கவிழ்த்துவிடும். அதற்காக சீட்டில் ஒரு மண் மூட்டையை வைத்துக்கொள்வார்கள். மருதப்பன் அவளிடம் ஒரு சாக்குக் கேட்டான். மண்ணை அவனே அள்ளிக்கொள்வான்.

பூரணம் முதல் தடவையாக சைட்காரைப் பார்த்தாள்.

“மண் மூட்டை தேவைப்படாது,” என்றாள்.

உள்ளே போய் வாழையிலையில் கட்டிய இரண்டு பொதிகளோடு வந்தாள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் என்றாள். ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். மற்றதை சைட்கார் சீட்டில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். தன் மனைவி தங்கத்துக்குக் கொடுத்திருக்கிறாள் என்று அவன் எண்ணிக்கொண்டான். நல்ல மனசு.

எஞ்சின் நான்காவது உதையில் பிடித்தது. ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெய்தான் இப்போது பெட்ரோல். அது எரியும்போது டயரைக் கொளுத்திய நாற்றமும் கறுப்புப் புகையும் பின்னால் வந்தன. உச்சிவெயில் என்றாலும் தோட்டத்துக்குள் வெளிச்சம் குளத்துத் தண்ணீரைப் போலப் பச்சையாக, கலங்கலாக இருந்தது. பால் வெட்டுவதற்கு ஆளில்லாத மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. ஒவ்வொரு மரத்திலும் கட்டியிருந்த பால் கோப்பையில் மழைத்தண்ணீர் நிறைந்து கொசு மொய்த்தது. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளின் கதவுகள் திறந்து கிடக்க, ஒரு வீட்டு வாசலில் மட்டும் ஒரு கிழவர் எழுந்து நின்று வண்டியைப் பார்த்தார். அவர் மருதப்பனைப் பார்க்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கமாகப் பார்த்தார். கையைத் தூக்கப் போனவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

தோட்டத்து எல்லையில் பாதை இடப்பக்கம் கூர்மையாக வளைந்தது. மருதப்பன் வேகத்தைக் குறைத்தான். உடம்பை சைட்கார் பக்கம் சாய்த்து, தொட்டி எழும்பப் போவதை எதிர்பார்த்துக் கைப்பிடியை இறுக்கினான்.

தொட்டி எழும்பவில்லை. மூன்றாவது சக்கரம் மண்ணைக் கடித்துக்கொண்டு அழகாகத் திரும்பியது.

வேகம் போதவில்லை என்று நினைத்தான். அடுத்த இடது வளைவில் கொஞ்சம் வேகமாகப் போனான். அப்போதும் எழும்பவில்லை. மூன்றாவது வளைவில் வேண்டுமென்றே முறுக்கினான். எந்த சைட்காரும் எழும்பியிருக்க வேண்டிய வேகம் அது. இதுவோ எழும்பவில்லை. உள்ளே இருக்கிற ஆளும் வளைவுக்குத் தகுந்தபடி சாய்ந்துகொடுப்பது போல வண்டி திரும்பியது.

அந்த எஞ்சினியர் அப்படித்தான் சாய்ந்துகொடுப்பார். பழகினவர்கள் சாய்ந்துகொடுப்பார்கள்.

கூலாய் ஊருக்கு முன்னால் மழை பிடித்தது. ரோட்டோரம் பாழாய்க் கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்கு அடியில் வண்டியை நிறுத்தி, சுவரோரம் உட்கார்ந்து தன் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டான். தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு வாடை வந்தது. டயர் நாற்றம் மழையில் அடங்கியபின் அதற்கு அடியிலிருந்து மெல்ல எழுந்தது: ஈரச் சாக்கு, வேப்பெண்ணெய், நாள்பட்ட புண். கருவாடு கெட்டிருக்கும் என்று நினைத்தான். தன் இலையை முகர்ந்தான். கருவாடு நன்றாகத்தான் இருந்தது.

அப்படியானால் தங்கத்துக்கென்று வைத்ததுதான் கெட்டுவிட்டது. எழுந்துபோய் சைட்காருக்குள் பார்த்தான்.

பொதி பிரிந்திருந்தது. இலை காலி. சீட்டின் ஒரு ஓரத்தில் மீன் முள்ளெல்லாம் சுத்தமாக எடுத்து வைத்திருந்தது. இலை இரண்டாக மடித்திருந்தது. கல்யாண வீட்டில் மடிப்பது போலத் தன் பக்கம் பார்த்து மடித்ததல்ல. எழவு வீட்டில் சாப்பிட்டு எழுந்தவர்கள் மடிப்பது போல, எதிர்ப்பக்கம் மடித்தது.

நாய் தின்றிருக்கும்.

நாய் இலையை மடிக்குமா?

மழை விடும்வரை அவன் காத்திருக்கவில்லை. இலையையும் எடுத்து எறியவில்லை. தொட்டிக்குள் கை விட அவனுக்கு மனம் வரவில்லை. நனைந்துகொண்டே ஓட்டினான். கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தான். இடது கண்ணின் ஓரத்தில், தொட்டியின் விளிம்புக்கு மேலே, வெளிறிய எதுவோ இரண்டு வண்டியின் அதிர்வோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன. கிழிந்த சீட்டின் பஞ்சாக இருக்கலாம். முழங்காலாகவும் இருக்கலாம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டியை இங்கேயே விட்டுவிட்டு நடந்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றியது. உடனே ஒன்பதாவது பெயரும் நினைவுக்கு வந்தது. முறுக்கினான்.

சிங்கப்பூருக்குள் போகும் ஜொகூர் பாலத்தில் மழை இல்லை. டோக்கியோ நேரத்துக்கு ஓடிய காவல் நிலையத்துக் கடிகாரம் ஏழு காட்டியது. வெயிலோ இன்னும் நன்றாக அடித்தது. மருதப்பன் எஞ்சினை நிறுத்தி இறங்கி, ஜப்பானியச் சிப்பாய்க்கு முன்னால் இடுப்பை வளைத்துக் கும்பிட்டான். பெர்மிட்டை நீட்டினான். சிப்பாய் அதைப் பார்த்தான். சைட்காரைப் பார்த்தான். இரண்டு விரலைக் காட்டினான்.

பக்கத்தில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் பெர்மிட் ஒரு ஆளுக்குத்தானே இருக்கிறது என்று மலாயில் கேட்டார். ஒரு ஆள்தான் என்று மருதப்பன் சொன்னான். போலீஸ்காரரும் தொட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, இவனுக்கு என்ன பைத்தியமா என்பது போல அவன் முகத்தைப் பார்த்தார்.

சிப்பாய் நடந்துபோய் சைட்காருக்கு எதிரில் நின்றான். துப்பாக்கிக் கட்டையால் மட்கார்டைத் தட்டினான். தலை வணங்கச் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லைக் கத்தினான். சியோனானில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த சொல்.

பாலத்துக்கு அடியில் தண்ணீர் சலசலத்தது.

ஸ்பிரிங் முனகியது. முதலில் முன்பக்கம். பிறகு மெதுவாகப் பின்பக்கம்.

சிப்பாய் சின்னதாகத் தலையசைத்தான். வணக்கத்தை வாங்கிக்கொண்டவன் அசைப்பது போல. அப்புறம்தான் அவன் குனிந்து தொட்டிக்குள் கீழே எதையோ பார்த்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு அடி பின்னால் தாவினான். கையை வீசிப் போகச் சொன்னான்.

போலீஸ்காரரும் தள்ளி நின்றுதான் பேசினார். முதலில் அந்த ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றார். கால் அழுகிவிட்டது என்றார்.

புக்கிட் தீமா ரோடு முழுவதும் மருதப்பன் வாயைத் திறந்தபடி மூச்சு விட்டான். சைக்கிள்கள். ரிக்‌ஷாக்கள். மரவள்ளி விற்கிறவர்கள். எல்லாரும் இடப்பக்கமே பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை. வீடு வந்துவிடும். வீடு வந்தால் இறங்கிவிடலாம்.

பஃபலோ ரோட்டில், வீட்டுக்கு முன்னால், எல்லாரும் காத்திருந்தார்கள். தங்கம் மஞ்சள் நீர்த் தட்டோடு ஓடிவந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. தட்டை வண்டிக்கு முன்னால் பிடித்து, சைட்காரையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். “போதும் சாமி. இனிமே உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க,” என்றாள். அவளுக்கு எந்த வாடையும் வரவில்லை. அவள் எதையும் பார்க்கவில்லை.

அப்படியானால் ஒன்றும் இல்லை. அப்பாடா. ஒன்றும் இல்லை.

முத்துசாமி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். வெள்ளைக்காரன் குளிக்கிற தொட்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டீர்களா என்று கேட்டான். முன் விளக்கைத் தன் கட்டம் போட்ட துண்டால் துடைத்தான். “ஒரு நாள் என்னையும் இதுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க மச்சான். கடற்கரை வரைக்கும் போதும்.”

அஞ்சடி நடைபாதையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விஸ்வலிங்கம் எழுந்து வந்தார். முகம் களைத்திருந்தது. கையில் சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைப் பட்டை. மருதப்பனைத் தனியே இழுத்துத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“உம்முடைய பேரை வெட்டியாச்சு. ஆனா பன்னிரண்டு பன்னிரண்டாய்த்தான் இருக்கோணும். அந்த இடத்துக்கு அதே வீட்டில இருக்கிற ஆம்பிளையைப் போடச் சொல்லிப்போட்டினம்.” அவர் முத்துசாமி பக்கம் திரும்பவில்லை. “நாளைக்குக் காலமை நீரே இதில ஏத்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு வாரும். மூண்டு மாசம் எண்டு சொல்லும். திருப்பிக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லும். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்.”

மருதப்பன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துசாமியைப் பார்த்தான்.

விஸ்வலிங்கம் அவன் இடது கையைப் பிடித்துச் சட்டைக்கு மேல் பட்டையைக் கட்டத் தொடங்கினார். நாடா ஈரமாக இருந்தது. முடிச்சு உடனே விழவில்லை. கையை இழுத்துக்கொள்ள அவனுக்கு நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது.

அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

முடிச்சு விழுந்தது.

பின்னால் ஸ்பிரிங் முனகியது.

பகல் முழுவதும் பார்க்காத இடத்தை மருதப்பன் பார்த்தான்.

தொட்டியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எலும்பு தெரியும் தோள்கள். கட்டம் போட்ட துண்டு, சாயம் போய், நார் நாராக. கீழே, சாக்கு சுற்றிய ஒரு கால். மடித்த இலையை மடியில் வைத்திருந்தான். மருதப்பனின் கைப்பட்டையை உற்றுப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, சிப்பாய்க்குக் கும்பிடுவது போல, இடுப்பிலிருந்து ஆழமாகக் குனிந்தான். குனிந்தபடியே இருந்தான்.

மருதப்பனுக்குப் பக்கத்தில், விளக்கைத் துடைத்துக்கொண்டு, முத்துசாமி எதற்கோ சிரித்தான்.

தொட்டியில் இருந்தவன் தலையை நிமிர்த்தினான். அவனும் சிரிக்க வாயைத் திறந்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது.