பதினெட்டுச் செங்கல் எலும்பு

மங்காயி பதினெட்டுச் செங்கலைத் தலையில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்குப் படியேறினாள். அதுதான் சிகிச்சை.

முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பை உள்ளிருந்தே தின்ற ராட்சத செல் கட்டி. டாக்டர் ரெஹானா அதைச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியில் ஒரு கரண்டி நெசவு நுண்ணிகளை ஊற்றியிருந்தார். நாற்பது நாள் காலில் இறங்கும் சுமையை அவை கவனிக்கும். அந்தச் சுமைக்கென்றே எலும்பு நெய்யும். படிவத்தில் 'அன்றாட வேலை' என்ற இடத்தில், சித்தாள், பதினான்கு செங்கல் என்று எழுதியிருந்தார்கள்.

ஒன்றில் தொடங்கிப் பதினான்குக்கு வந்துவிட்டாள். மேலே நான்கு, ரோஷம். அதே அறுவை செய்துகொண்ட வங்கி மேலாளர் சம்பந்தம், "அவ்வளவுதானா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அவர் செய்தித்தாளோடு வராந்தாவில் நடப்பவர்.

"என்ன சார், பேப்பர் கனக்குதா? ஒரு கை புடிக்கட்டா?"

"போம்மா, உன்னைப் பாத்தாலே எனக்கு மூச்சு வாங்குது."

நாற்பதாம் நாள் இருவருக்கும் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மங்காயியின் படத்தில், கட்டி தின்று முட்டை ஓடு மாதிரி விட்டுவைத்திருந்த இடத்தில் வெள்ளை இழைகள் வளைவின்மேல் வளைவாக ஏறி, ஒன்றையொன்று தாங்கி நின்றன. எந்தக் கொத்தனாருக்கும் அந்த வளைவு வராது. ரெஹானா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இது எலும்பு இல்ல மங்காயி. ரயில் பாலத்துத் தூண்."

"என் ஒடம்புக்குள்ளயா டாக்டரம்மா?"

திரையைத் தொடப் போனவள், விரலில் செங்கல் தூளைப் பார்த்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

"பன்னெண்டு வயசுல ஏத்துனது. மக வேலைக்குப் போயிட்டா. கால் பொழச்சா இனிமே சுமக்கறதில்லன்னு வேண்டிக்கிட்டேன்."

சம்பந்தம் கைதட்டினார். ரெஹானா தட்டவில்லை.

"சுமை பாதிக்குக் கீழ போனா, ஆள் செத்துட்டாங்கன்னு நுண்ணிங்க முடிவு பண்ணிடும். நெய்ததைப் பிரிச்சுடும்."

"சாருக்கு?"

"அவர் எழுந்து நடந்தா போதும்."

"வயசானா நான் என்ன பண்றது?"

ரெஹானா படிவத்தைப் புரட்டினார். என்ன வேலை என்று இருந்தது. எப்போது விடுவாய் என்று இல்லை.

"அதை நான் கேக்கவே இல்ல."

"வேற வழி?"

"காலை எடுக்கணும்."

மங்காயி தொட்டிக்குள் கைவிட்டுச் சும்மாட்டை எடுத்து உதறினாள்.

"பாதின்னா ஒம்பதா?"

"ஒம்பது."

"பதினாலோட நிறுத்தியிருந்தா ஏழு" என்றாள், சம்பந்தத்தைப் பார்த்து.