பன்னிரண்டுக்குப் பதினெட்டு

“அம்மா, கரண்ட் போயிடுச்சா?” என்று போனில் கேட்டாள் மகள்.

பிற்பகல் மூன்றரை மணி. தூறல் போட்டுக்கொண்டிருந்தாலும் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு வெளிச்சமாகத்தான் கிடந்தது. இந்த நேரத்தில் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன?

“ஜன்னல் திரையை ஒதுக்கி விடுடி வாலு.”

“ஒதுக்கிட்டேனே. சாரல் கையில படுது. ஆனா ஒண்ணுமே தெரியலை.”

போட்டோ பிரிண்ட் போடும் கடையில் படம் திருத்துகிறவள் அவள். காய்ச்சலில் கிடந்த ஒன்பது வயது மகளைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். வீட்டில் இருப்பதே அவர்கள் இருவர்தான். அம்மாவை வரவழைக்க வயிற்றுவலி, பல்வலி என்று ஆயிரம் கதை கட்டக்கூடியவள் இந்த வாலு.

“கண்ணை மூடிக்கிட்டு என்கிட்டயே விளையாடறியா? இரு, ஒரு படம் பாக்கி. முடிச்சதும் வந்துடறேன். போனை வைக்காதே.”

காலையில், காதில் பென்சில் செருகிய தச்சர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன படம் அது. இறந்துபோன மகளின் படம். பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினெட்டு என்று சட்டத்தைத் தன் கையாலேயே இழைத்து வைத்துவிட்டாராம். இருந்ததோ பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப் படம் ஒன்றுதான். போன் விட்டுப் போன் மாறித் தேய்ந்துபோய், அந்தப் பெண்ணின் முகம் கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. பெரிதாக்கினால் முகம் எங்கே இருக்கிறது? கட்டம் கட்டமாக வெறும் நிறம்தான். “கண்ணு மட்டும் தெளிவா வரணும்மா. அவ என்னைப் பார்க்கணும்” என்று கேட்டிருந்தார் மனிதர்.

இதற்குத் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு; வாடிக்கையாளரிடம் மூச்சு விடுவதில்லை. அதே வயதுள்ள வேறொரு பிள்ளையின் நல்ல படத்திலிருந்து கண்களைக் காப்பி எடுத்து ஒட்டி, நிறத்தை இணக்கிவிட்டால் பெற்றவர்களுக்கே வித்தியாசம் தெரியாது. நிறம் சரிபார்க்க அவள் கணினியில் வைத்திருந்தது வாலுவின் படம். இமை மயிரை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். முக்கால் மணி நேரம் முன்புதான் அதிலிருந்து எடுத்து ஒட்டி, அச்சு வரிசையிலும் சேர்த்திருந்தாள்.

ஈரத் தெருவின் வாடையும் மையின் காரமும் மூக்கில் ஏற, மேலே ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு ரீங்கரிக்க, நிறத்தைக் கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுவிடலாம் என்று அவள் வாலுவின் படத்தைத் திறந்தாள்.

கண்கள் இருந்த இடத்தில் இரண்டு வெள்ளை ஓட்டைகள்.

சே! காப்பிக்குப் பதில் கட் அழுத்தியிருக்கிறாள். பக்கத்துப் பக்கத்து விசைகள், விரல் தவறுவது சகஜம்தான். ஆனால் அப்படியே சேமித்து மூடியும் விட்டாள். வேறு பிரதி கிடையாது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சேமித்த நேரம் இரண்டு நாற்பது என்று திரை காட்டியது.

ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“எப்பயிருந்துடி இருட்டா இருக்கு?”

“பொம்மைப் படம் ஓடிட்டு இருந்துச்சும்மா. ரெண்டே முக்காலுக்கு முடியும்ல? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கரண்ட் வரும் வரும்னு உட்கார்ந்தே இருந்தேன். ஆனா டிவி மட்டும் பேசிட்டே இருக்கு.”

தச்சர் மகளின் படத்திலிருந்து கண்களை எடுத்து வாலுவின் முகத்தில் அவள் திரும்ப ஒட்டினாள். சேமித்தாள்.

“இப்பப் பாரு. தெரியுதா?”

“இல்லம்மா.” குரல் உடைந்தது. “பயமா இருக்கும்மா.”

பின்னால் பெரிய பிரிண்டர் முனகியது. வரிசையில் முன்னால் நின்ற படங்கள் முடிந்து, தச்சர் மகளின் முறை வந்திருந்தது. சர்ர்... சர்ர்... தாள் தலைப்பக்கமாக வெளியே இறங்கித் தொங்கியது. முதலில் கூந்தல். பிறகு நெற்றி. புருவம்.

கண்கள்.

“அம்மா! வெளிச்சம் வந்துடுச்சு!”

“அப்பாடா! என் செல்லமே!” அவள் அழுதேவிட்டாள்.

“அம்மா, நீ ஏன் தலைகீழா நிக்கறே?”

தலைகீழாகத் தொங்கிய தாளிலிருந்து அந்தக் கண்கள் அவளையே பார்த்தன.

“உன் பின்னாடி யாரும்மா அது? காதுல பென்சில் வச்சுட்டு.”

திரும்பினாள். தச்சர். நனைந்த சட்டை, கையில் வெறும் சட்டம். எப்போது வந்தாரோ.

அச்சாகி முடிந்த தாளை அவர் எடுத்து நேராகப் பிடித்தார். “என்னையே பார்க்கறாம்மா. நீ நல்லா இருக்கணும்.” படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“அம்மா, இருட்டாகுது! அம்மா!”

“அண்ணே, குடுங்க. அதுல ஒரு தப்பு இருக்கு. வேற போட்டுத் தரேன்.”

“தப்பா? என் பொண்ணு என்னைப் பார்க்கறது தப்பா?” அவர் மார்போடு அணைத்துக்கொண்டார்.

பிடுங்கினாள். ஒரு தகப்பன் கையிலிருந்து பிடுங்கினாள். “என் புள்ளையைக் குடும்மா!” என்ற அலறல் தெருமுனை வரை துரத்தியது. ஓடினாள். மழை. இரண்டு தெரு. மாடிப்படி. சாவி துவாரத்தில் நுழையவில்லை. நுழைந்தது.

டிவி பாடிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்த நாற்காலியில், கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் மகள்.

அவள் தாளை விரித்து உயரப் பிடித்தாள். “வாலு... இப்பத் தெரியுதாடி?”

“தெரியுதும்மா. நம்ம வீடு.”

நாற்காலி கிறீச்சிட்டது. மகள் மெல்லத் திரும்பினாள்.

“அம்மா, அந்த நாற்காலியில யாரு? என் கவுனைப் போட்டிருக்கா.”

அவள் தாளைத் தாழ்த்தாமலே நாற்காலியைப் பார்த்தாள்.

“அவளுக்குக் கண்ணே இல்லையேம்மா.”

கேட்டது நாற்காலியில் இருந்த வாய். அதற்கு மேலே, வழவழவென்று, வெள்ளையாக, ஒன்றுமில்லை. கையிலிருந்த தாளில் மகளின் கண்கள் பயத்தில் அகல விரிந்தன.