தட்டினால் தெரியும்

டொக்... டொக்... டொக்...

ஆர்கன் கட்டைகளின் மேல் வீப்கேயின் விரல்கள் அப்படியே நின்றன. காலையிலிருந்து இது நாலாவது முறை. அவள் வாசிக்கத் தொடங்கினால் அந்தச் சத்தமும் தொடங்குகிறது. நிறுத்தினால்... இதோ, அதுவும் நின்றுவிட்டது.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்களா?

ஆர்கன் மாடத்தின் படிகளில் விடுவிடுவென்று இறங்கினாள். கடலிலிருந்து வந்த மழை, தேவாலயத்தின் உயரமான ஜன்னல்களைக் கழுவிக்கொண்டிருந்தது. அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், தெற்குச் சுவரின் கூர்வளைவுக்குக் கீழே ஒருவன் செங்கல்லில் காதை வைத்துக் கண்மூடி நின்றிருந்தான். கையில் சின்ன மரச் சுத்தியல். தலைமுடியெல்லாம் சிவப்புத் தூள்.

"செங்கல் என்ன சொல்லுது?" என்றாள், இடுப்பில் கை வைத்து.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். மேல யாரோ ஆர்கனைப் போட்டு அடிச்சிட்டிருக்காங்க."

"அதுக்குப் பேரு அடிக்கிறது இல்ல. வாசிக்கிறது."

அப்போதுதான் கண்ணைத் திறந்தான். மழைக்கு முன்னால் பால்டிக் கடல் எடுத்துக்கொள்ளும் நிறம்... பச்சை கலந்த சாம்பல். வீப்கே அடுத்துச் சொல்ல வைத்திருந்த நாலு வாக்கியங்களும் எங்கேயோ தொலைந்துபோயின.

பெயர் யோஸ்ட். லூபெக்கிலிருந்து வந்தவன். தெற்குச் சுவர் ஏன் உதிர்கிறது என்று பார்த்து மூன்று வாரத்தில் அறிக்கை எழுதித் தர வெண்டஹாகன் ஊர்ச்சபை வரவழைத்த ஆள்.

"நல்ல செங்கல்லைத் தட்டினா மணி மாதிரி பேசும். செத்தது காலிப் பெட்டி மாதிரி முனகும். அதைக் கேக்க எனக்கு அமைதி வேணும்."

"எனக்கும்தான் வேணும். ஞாயித்துக்கிழமை ஒரு சுரம் தப்பினா, இந்த ஊர் அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அதையே பேசும்."

"ஆளுக்கு அரை மணி நேரம்?"

"சரி. முதல் அரை மணி எனக்கு."

"ஏன், மேற்கேயிருந்து வந்தவன் கடைசியிலதான் நிக்கணுமா?"

"கிழக்கும் மேற்கும் ஒரே நாடாகி நாலு வருஷமா எல்லாத்துலயும் நீங்கதான் முன்னால நிக்கிறீங்க. ஒரு நாள் வரிசையில நில்லுங்க."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை... படியேறி, முதுகைத் திருப்பிக்கொள்ளும் வரை.

அவளுடைய அரை மணியில் அவன் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய அரை மணியில் அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மணிக்கும் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாம் நாளே அவள் காதுக்குப் பிடிபட்டது. மழை விட்ட மதியங்களில் இருவரும் வாசலில் உட்கார்ந்து, ஊறவைத்த மீனும் வெங்காயமும் வைத்த ரொட்டியைத் தின்றார்கள்.

ஒரு நாள் அவள் விரலைப் பிடித்து, தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் ஒரு செங்கல்லின் மேல் வைத்தான். நாலு சின்னக் குழிகள். நடுவே ஒரு பெரிய குழி.

"நாய்," என்றான். "அறுநூறு வருஷம் முன்னால, காயப்போட்ட செங்கல் மேல ஓடியிருக்கு. சூளைக்காரன் தூக்கிப் போடல. அப்படியே சுட்டுச் சுவத்துல வச்சுட்டான். கல்லே கிடைக்காத கரை இல்லையா... தெற்கே கல்லைச் செதுக்கிக் கட்டினதை, இவங்க வெறும் களிமண்ணை வச்சே வானம் வரைக்கும் கொண்டு போயிருக்காங்க. எதையும் வீணாக்க மாட்டாங்க."

"இருபத்தாறு வருஷமா இந்தப் பக்கம் போறேன். பாத்ததே இல்ல."

"நானும் இப்பதான் பாக்கறேன்." அவன் செங்கல்லைப் பார்க்கவில்லை.

வீப்கே விரலை இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாக...

மறுநாள் தூறலில், அவளுடைய மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு அப்பா ஹின்ரிஷ் வந்தார். ஓய்வு பெற்ற கொத்தனார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவர். யார் என்று தெரியாத யோஸ்ட் உற்சாகமாக அவருக்கும் சுவரைக் காட்டினான்.

"பாருங்க, செங்கல்லுக்கு நடுவுல சுண்ணாம்பு இருந்தா, குடிச்ச தண்ணி அது வழியா வெளிய போயிடும். இங்க சிமெண்டை வச்சு வாயை அடைச்சிருக்கு. தண்ணி உள்ளேயே உறைஞ்சு, செங்கல் வெடிக்குது. எந்த மடையன் செஞ்சானோ."

ஹின்ரிஷ் மழைக்கோட்டை மகளின் தோளில் போர்த்தினார்.

"அந்த மடையன் நான்தான், தம்பி."

தொப்பியைக்கூடப் போடாமல் மழையில் நடந்து போனார்.

வீப்கே யோஸ்டை நோக்கித் திரும்பினாள். "எழுபத்தொன்பதுல, சுவத்துல கை நுழையற அளவுக்கு ஓட்டை. சர்க்கார் திரும்பிக்கூடப் பாக்கல. எங்கப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியா சாரத்துல ஏறினார். இந்த ஊர்ல அவருக்குன்னு ஒரு பேர் இருக்குன்னா, அது இந்தச் சுவர்தான்."

"எனக்குத் தெரியாது, வீப்கே..."

"இப்பத் தெரிஞ்சுடுச்சே. அறிக்கையில மழை, கடல் உப்புன்னு எழுதுங்க. சிமெண்டைச் சொல்லாதீங்க."

"அவர் பேரை எழுத மாட்டேன். ஆனா சிமெண்டை எழுதித்தான் ஆகணும். இன்னும் ரெண்டு மூணு பனிக்காலம் போனா சுவர் தாங்காது."

"பேர் எழுதலைன்னா ஊருக்குத் தெரியாதா?" அவள் மழைக்கோட்டை இறுக்கிக்கொண்டாள். "உங்களுக்கு மூணு வாரம். எங்களுக்கு இதுதான் ஊர்."

அதன்பின் இரண்டு நாள் அவள் நேரம் பார்க்காமல் வாசித்தாள். ஆர்கனின் எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, சுவர்கள் அதிர வாசித்தாள். அவன் சுத்தியல் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எதிர்ச் சத்தம் இல்லாத வாசிப்பு இவ்வளவு வெறுமையாக இருக்குமா?

மூன்றாம் நாள் தானே இறங்கிப் போனாள். சுத்தியல் ஜன்னல் விளிம்பில் கிடந்தது. வடக்குச் சுவரைத் தட்டினாள். மணி. கிழக்குச் சுவர், மணி. தெற்கே, அப்பாவின் சாம்பல் சிமெண்ட் கோடுகளுக்கு நடுவே... பெட்டி. அதற்கடுத்ததும் பெட்டி. வெளியே போய், நாயின் கால் பதிந்த செங்கல்லைத் தட்டினாள். அதன் ஓரம் ரஸ்க் போலப் பிய்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

வீட்டில் ஹின்ரிஷ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மகள் அந்தச் சிவப்புச் சில்லை மேசைமேல் வைத்தாள்.

"அப்பா..."

"தெரியும்மா." கத்தி நின்றது. "நாலு வருஷமா சுவத்தடியில சிவப்புத் தூள் கிடக்கு. தினம் பாக்கறேன். சொல்ல வாய் வரல."

வெள்ளிக்கிழமை மாலை ஊர்ச்சபை கூடியது. யோஸ்ட் அறிக்கையைப் பிரிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"சிமெண்ட் நான் வச்சது," என்றார் ஹின்ரிஷ். "தப்பு. நானே எடுக்கறேன்."

போதகர் அம்மா மெதுவாக, "இருந்தாலும் படிங்க, தம்பி," என்றார்.

யோஸ்ட் படித்தான். "எழுபத்தொன்பதில் இந்தச் சுவர் திறந்து கிடந்தது. கையில் கிடைத்ததைக் கொண்டு ஒருவர் தனியாளாக அதை மூடினார். அவர் மூடியிராவிட்டால் இன்று ஆராய்வதற்குச் சுவரே இருந்திருக்காது. அந்தச் சிமெண்ட் தன் காலத்தை முடித்துவிட்டது. இனி அதை எடுத்துச் சுண்ணாம்பு வைக்க வேண்டும்."

ஹின்ரிஷ் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "சுண்ணாம்பு யார் கலக்கறது?"

"நீங்க கலந்தா... நான் தூக்கித் தரேன்."

"ம்," என்றார் ஹின்ரிஷ்.

வெளியே மீண்டும் மழை. தேவாலய வாசலின் வளைவுக்குக் கீழே வீப்கே ஒதுங்கி நின்றாள். பாதி நனைந்தபடி அவனும் வந்து சேர்ந்தான்.

"அதை எப்ப எழுதினீங்க?"

"நீங்க ஆர்கனைப் போட்டு அடிச்ச அன்னிக்கு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அன்னிக்கு நிஜமாவே அடிச்சேன்."

"உங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டேன். அதுக்கும் 'ம்'னு சொன்னார்."

"அவருக்கு அது பெரிய சொற்பொழிவு."

மழையைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "பனி விழறதுக்குள்ள சுண்ணாம்பு இறுகணும். வேலை முடிய செப்டம்பர் ஆகும். அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம் லூபெக்."

"அதுக்கப்புறமும் இங்கயே இருக்கணும்னு தோணுது. செங்கல்லுக்காக இல்ல, வீப்கே. உனக்காக."

வீப்கே ஒரு அடி முன்னால் வந்தாள். விரல் முட்டியால் அவன் ஈரச் சட்டையில், இடது பக்கம், மெல்லத் தட்டினாள்.

டொக்... டொக்...

பிறகு அங்கேயே காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"என்ன சொல்லுது?" அவன் மூச்சு அவள் கூந்தலில் பட்டது.

"பேசாம இரு," என்றாள் அவள். "இது என்னோட அரை மணி நேரம்."