என்ஜின் சூடு

வண்டியின் பானட்டில் வைத்த கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான் சாலமோன். பனி இறங்கியிருக்கும் என்று தெரிந்துதான் தொட்டான், ஆனால் அந்தக் குளிர் விரல் நுனியைக் கடித்தது. மார்கழி என்றாலும் நெட்டுக்குப்பத்தில் இவ்வளவு குளிராது. சுவரோரம் சாய்த்திருந்த சைக்கிளின் கம்பியைத் தொட்டுப் பார்த்தான். அதில் வெறும் ஈரம்தான் இருந்தது.

சாவியைத் திருப்பினான். பழைய டீசல் வண்டி முனகியது, இழுத்தது, நின்றது. முகத்துவாரத்துச் சேற்று வாடையும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கலந்து கிடந்த இருட்டில் அந்த முனகல் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்ததுபோல் இருந்தது. அவன் தினமும் ஏற்றிப் போகும் கப்பல் வேலைக்காரர்கள் எண்ணூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார்கள். இப்படியே தாமதமானால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். எட்டாவது முறையோ பத்தாவது முறையோ, கறுப்பாகப் புகை கக்கிவிட்டு வண்டி எழுந்தது. ஒருமுறை சூடேறிவிட்டால் பிறகு பொழுது சாயும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் விடியற்காலையில்தான்.

எர்ணாவூர் மெக்கானிக் ஜெயவேல் பேட்டரியை மாற்றிப் பார்த்தான். டீசல் பற்றுவதற்கு முன்னால் உள்ளே சூடேற்றும் பிளக்குகள் நான்கையும் கழற்றிப் புதிதாகப் போட்டான். மறுநாளும் அதே முனகல்.

"குளிர்லதான நோவு, குளிர்லதான் பாக்கணும்," என்றான் ஜெயவேல். "விடியகாலைல நானே வூட்டாண்ட வரேன். அதுவரைக்கும் சாவிய தொடாத மாமு."

சொன்னபடியே வந்தான். பானட்டைத் தூக்கி, என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"நேத்து வண்டிய எப்ப வுட்ட?"

"லேட்டாத்தான். கொதிச்சிகினு இருந்துச்சி."

"இது தானா ஆறுன இரும்பு இல்ல மாமு. எதுவோ சூட்ட உறிஞ்சிகினு போன மாறி கீது."

டார்ச்சை உள்ளே அடித்தான். என்ஜின் முழுக்கப் படிந்திருந்த கரித்தூளில் ஓரிடம் மட்டும் வழவழவென்று துடைபட்டிருந்தது. எதுவோ கால்களை மடக்கிச் சுருண்டு படுத்து எழுந்த வடிவம். ஓரங்களில் கறுப்புச் சேறு காய்ந்தும் காயாமலும் ஒட்டியிருந்தது. பக்கத்து ரப்பர் குழாயில் நான்கு மெல்லிய கோடுகள். குழாயின் மறுபுறம் ஒரே ஒரு கோடு.

"பூனை," என்றான் சாலமோன்.

"பூனைக்கு கட்டவெரல் இல்ல."

சொன்னதும் ஜெயவேலின் முகம் மாறிவிட்டது. "எதுவோ ஒண்ணு. குளிருக்கு வந்து படுக்குது, அவ்ளோதான். உள்ள வராத மாறி பண்ணிடலாம்," என்று அவசரமாகச் சொன்னான். என்ஜினுக்கு அடியில் இரும்பு வலையை வெட்டி வைத்து முடுக்கினான். எலி வராமலிருக்கக் கட்டுவதுபோல் புகையிலைக் கட்டுகளை அங்கங்கே தொங்கவிட்டான். கிளம்பும்போது, என்ஜினைத் தொட்ட கையை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டே போனான்.

அடுத்த விடியலில் சாவியைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. சாலமோன் தனியாக உட்கார்ந்து சிரித்தான். சவாரி முடித்து, வழியில் சூடாக இட்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி பிலோமி மூன்று மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அடுப்புக்கு அருகே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"ராத்திரி பூரா என் வயித்து மேல கைய வெச்சிகினு இருந்த. ஐஸ் மாறி. எடுன்னு சொன்னா எடுக்கவே இல்ல."

அவன் நேற்று மறுபக்கத்துச் சுவரோரம் படுத்திருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. அன்று மாலை ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் கோணிப்பையைச் சுருட்டி அடைத்தான்.

பாய் அதிர்வதை உணர்ந்து விழித்தபோது வெளியே இன்னும் வெளுக்கவில்லை. பிலோமிதான் நடுங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்கு அடியிலிருந்து முகத்துவாரத்துச் சேறு நாறியது. அவள் நெற்றியைத் தொட்டான். அதே குளிர், விரலைக் கடிக்கும் குளிர். தோளைப் பிடித்து உலுக்கினான். கண் திறந்தது, உதடு அசைந்தது, பேச்சு வரவில்லை. நைட்டியில், வயிற்றுக்கு மேல், ஈரமாக ஐந்து கறுப்புக் கோடுகள்.

வலைதான் தப்பு. அதற்கு இருந்த இடத்தை அடைத்துவிட்டோம்.

வெளியே ஓடினான். மண்ணில் மல்லாந்து படுத்து, வலையை ஆட்டி, முறுக்கி, விரல் கிழியப் பிய்த்து எறிந்தான். புகையிலையைப் பிடுங்கினான். சாவியைத் திருப்பினான். ஒரே தொடுதலில் வண்டி உறுமியது. மிதித்தான். சூட்டு முள் ஏறும்வரை மிதித்தான். பிறகு இறங்கி பானட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"வா," என்றான். "இங்க வா. சூடா கீது."

வெப்பம் முகத்தில் அறைந்தது. எதுவும் வரவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து பிலோமியின் குரல் கேட்டது. மெலிந்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

"இன்னாங்க, எனக்கு இப்ப குளிரல."

போய்விட்டது. உள்ளே ஓடினான். அவள் எழுந்து உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. அவனைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அவன் அவள் கையைப் பிடித்தான். கை வெதுவெதுப்பாக இருந்தது.

தலைக்கு மேல் கயிறு கிறீச்சிட்டது.

உத்திரத்தில் கட்டிய புடவைத் தூளி. பாப்பாவின் எடைக்கு அது கொஞ்சம்கூடத் தொய்யாது, அவன் இடுப்பு உயரத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அடித்துணி நனைந்து கறுத்திருந்தது. சொட்டியது. பாப்பா அழவில்லை.

வெளியே என்ஜின் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாலமோன் மண்டியிட்டான். கையை நீட்டினான். துணிக்கு வெளியிலேயே குளிர் தெரிந்தது. கை அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளே மூச்சு கேட்டது. ஒன்று சின்னது. விட்டுவிட்டு. இழுத்து. நின்று. மறுபடி இழுத்து.

இன்னொன்று நிதானமாக, தூக்கத்தில் விடும் மூச்சு.