இருபத்தொரு வருடம் கழித்தல்

கருவூலத்தின் மூன்றாம் சாளரத்துக்கு முன்னால் நின்ற வரிசையில் நான்கு பேருக்கு ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காவலாளி மட்டும் ஒரு கூடை மரத்தூளைக் கொண்டுவந்து தரையில் தூவினார்.

"கட்ட இறுக்கிப் பிடிங்க வேய். போன வாரம் இதுல வழுக்கி விழுந்து ஒருத்தருக்கு இடுப்பு முறிஞ்சு போச்சு."

"அவருக்கு யோகம்தான். இடுப்புக்கு மூணு வருஷம் குறையும்லா?" என்றார் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர். மற்ற மூவரும் சிரித்தார்கள். சிரித்ததால் வலி வந்து முனகினார்கள்.

ஐந்தாவதாக நின்ற ஞானதிரவியத்துக்குக் காயம் எதுவும் இல்லை. நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி கிருபைக்கு ஈரல் முழுவதும் கெட்டுவிட்டது. இன்னும் ஐந்து மாதம் என்றார்கள். புது ஈரல் வைக்க இருபத்தெட்டு லட்சம் வேண்டும். அவருடைய ஓய்வூதியக் கணக்கில் அறுபது லட்சம் இருந்தது.

அவர் முறை வந்ததும் கையை ஆயுள்மானிக்குள் நுழைத்தார். வண்டிச் சக்கரத்தின் தேய்மானத்தைப் பார்த்து இன்னும் எத்தனை மைல் ஓடும் என்று மெக்கானிக் சொல்வதைப் போல, அது உயிரணுக்களின் தேய்மானத்தைப் படித்தது. ரத்தக்குழாய், எலும்பு, நுரையீரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. அரை நிமிடத்தில் திரையில் எண் வந்தது.

மீதி ஆயுள்: 25. எடுக்கக்கூடிய தொகை: 0.

"ஒடம்ப நல்லா வச்சிருக்கீய அண்ணாச்சி. அதுதான் வினை," என்றான் சாளரத்துக்குள் இருந்த எழுத்தர் முகைதீன்.

விதி எளிமையானது. ஓய்வூதியக் கணக்கு என்ற குளத்தில் உள்ள தண்ணீர், ஆயுள் என்ற கோடை முடியும்வரை வர வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதை மட்டும் திறந்துவிடலாம். முன்பெல்லாம் கோடை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கும் கடைக்கும் மொத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுபத்தைந்து வயதில் பிள்ளைகளிடம் சோற்றுக்கு நின்றவர்கள் ஏராளம். ஆயுள்மானி வந்தபின் அந்தக் கொடுமை ஒழிந்தது. ஞானதிரவியத்துக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஓய்வூதியம். இருபத்தைந்து ஆண்டுக்குச் சரியாக அறுபது லட்சம். ஒரு சொட்டு மிச்சமில்லை.

"பன்னெண்டு வருஷம் கூடுதலா இருக்கு," என்று முகைதீன் குரலைத் தாழ்த்தினான். பிறகு ரத்தம் ஒழுகும் வரிசையைக் கண்ணால் காட்டினான்.

பேச்சித்தாயின் இடம் கருவூலத்துக்குப் பின்னால், மூடிக் கிடந்த அரிசி ஆலைக்குள் இருந்தது. இருபது வருடம் அறுவை அரங்கில் செவிலியாக இருந்தவள். எந்த உறுப்பில் எவ்வளவு ஆழம் போனால் எத்தனை வருடம் குறையும் என்பது அவளுக்கு மனப்பாடம். ஆயுள்மானியின் பிழை பதினோரு நாள் என்று அரசு அறிவித்தபோது, தன் பிழை ஒன்பதுதான் என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

"எத்தன கழிக்கணும்?"

"பன்னெண்டு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "விரலும் மூட்டும் பத்தாது. ஒரு நுரையீரல் போகணும். கொஞ்சம் சிறுநீரகமும். கொஞ்சம் ஆறுனாலும் எண்ணு ஒண்ணு ரெண்டு திரும்ப ஏறிரும், அதனால இண்ணைக்கே போயி அளந்துருங்க. மயக்க மருந்து கிடையாது. மருந்து ரத்தத்துல இருந்தா மானி கையைத் தள்ளிரும்."

இரண்டு ஆட்கள் அவரைப் பலகையில் படுக்கவைத்து அழுத்தினார்கள். வாயில் தோல்வாரைத் திணித்தார்கள். முதல் குத்து விலா எலும்புகளுக்கிடையே போனபோது அவருக்குக் காற்று வெளியேறும் சத்தம்தான் கேட்டது, மிதிவண்டி டியூபில் முள் ஏறியதைப் போல. வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் உதைத்த உதையில் ஓர் ஆளின் பல் தெறித்து விழுந்தது. அவன் திரும்பி அவர் முகத்தில் ஒரு குத்து விட்டான்.

"ஏய், மூஞ்சியில அடிக்காதல! அதுக்கு வருஷம் கிடையாது," என்று அதட்டினாள் பேச்சித்தாய். பிறகு இரண்டாவது இடத்தைத் தடவிப் பார்த்துக் கத்தியை இறக்கினாள்.

மாலை நான்கு மணிக்குச் சாளரத்தின் திரையில் 13 வந்தது. எடுக்கக்கூடிய தொகை இருபத்தெட்டு லட்சத்து எண்பதாயிரம். ஞானதிரவியம் ரத்தம் படிந்த கையால் நோக்கம் என்ற கட்டத்தில் எழுதினார்: மனைவிக்கு ஈரல் மாற்று. வேறு எதுவும் எழுதிப் பயனில்லை. எழுதிய நோக்கத்துக்குரிய இடத்துக்கே பணம் நேராகப் போய்விடும்.

"மைனி கையும் வைக்கணும் அண்ணாச்சி," என்றான் முகைதீன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிருபையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் பூத்த கண்ணால் அவள் கணவனின் நெஞ்சுக் கட்டைப் பார்த்தாள். எழுந்து நிற்க முடியவில்லை. அருகில் வரும்படி சைகை காட்டி, அவர் குனிந்ததும் முழு பலத்தோடு கன்னத்தில் அறைந்தாள்.

"யாரக் கேட்டு வெட்டிக்கிட்டிய?"

"ஒனக்காகத்தான..."

"வாய மூடும்." அவள் கையை ஆயுள்மானிக்குள் நுழைத்தாள்.

இப்போது: ஐந்து மாதம். புது ஈரலுக்குப் பின்: 34 ஆண்டு. எடுக்கக்கூடிய தொகை: மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

முகைதீனின் முகம் வெளுத்தது. "குடும்ப ஓய்வூதியம், அண்ணாச்சி. ஒங்களுக்கு அப்புறம் மைனிக்குப் பாதி குடுக்கணும்லா? ஒங்களுக்குப் பதிமூணு. அவியளுக்கு முப்பத்திநாலு. நடுவுல இருபத்தொரு வருஷத்துக்கு அவியளுக்குப் பணம் இருக்கணும்."

கணக்கில் தவறே இல்லை. அவள் சாகப்போகிறவளாக இருக்கும்வரை அவளுக்கு எதுவும் ஒதுக்க வேண்டியதில்லை. பணம் அவளைப் பிழைக்கவைக்கும் என்றால், பிழைத்தவளுக்குச் சோறு போட அந்தப் பணம் கணக்கிலேயே இருந்தாக வேண்டும்.

ஞானதிரவியம் முஷ்டியால் சாளரக் கண்ணாடியை அடித்தார். மூன்றாவது அடியில் அது உடைந்தது. உடைந்த துண்டோடு உள்ளே பாய்ந்து முகைதீனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். காவலாளி தடியை ஓங்கி அவர் காயத்திலேயே அடித்தார். அவர் மரத்தூளின் மேல் சுருண்டு விழுந்தார். கட்டுக்குள்ளிருந்து புதிதாக ரத்தம் கசிந்தது.

கிருபை மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் எத்தனைக்கு எறங்குனா முழுப் பணமும் வரும்?"

கழுத்தைத் தடவிக்கொண்டே முகைதீன் எண்களைத் தட்டினான். "அண்ணாச்சி போற வருஷமே நீங்களும் போனாப் போதும், மைனி. பதிமூணு. அவியளுக்குப் பதிஞ்சது இனி மாறாது."

"கல்யாணத்தண்ணைக்கி சர்ச்சுல ஐயரு சாவு பிரிக்கிற வரைக்கும்னுதான் சொன்னாரு," என்றாள் கிருபை தரையில் கிடந்தவரிடம். "பிரிக்கவே கூடாதுன்னு சர்க்கார் சொல்லுது. எந்திரியும்."

மறுநாள் காலை அரிசி ஆலையில் பேச்சித்தாய் கிருபை சொன்ன எண்ணைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இருபத்தொண்ணா? அது கழித்தல் இல்ல தாயி. கொல."

"அந்தக் கொலையப் பதிமூணு வருஷம் தள்ளி வைக்கத் தெரியாதாக்கும் ஒங்களுக்கு?"

பேச்சித்தாய் கிருபையைப் பலகையில் படுக்கவைத்தாள். பிறகு அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தாள். இமையை விரித்துப் பார்த்தாள். "ஈரல் கெட்ட ஒடம்புல ரத்தம் உறையாது. கத்தி வச்சா இங்கனயே முடிஞ்சிரும். சூட்டுப் புகைதான். நுரையீரல் ரெண்டும் வேகும். கத்தாம இருக்க முடியாது."

"அழுத்திப் பிடிக்க ஆள் வேணுமே?" என்றார் ஞானதிரவியம்.

பல் போன ஆள் முன்னால் வந்தான். கிருபை வேண்டாமென்று தலையசைத்தாள்.

ஞானதிரவியம் கட்டின் மேல் ஒரு கையை வைத்தபடி பலகையின் தலைமாட்டுக்கு வந்தார். மண்டியிட்டு அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பற்றிக்கொண்டார். அவள், "நல்லா அழுத்திப் பிடியும். நான் உதைக்கத்தான் செய்வேன்," என்றாள்.

பேச்சித்தாய் புகைக் குழாயை அவள் வாயருகே கொண்டுவந்தாள். கிருபை முகத்தை ஒரு கணம் திருப்பிக்கொண்டாள்.

"யக்கா, பதிமூணுக்குக் கீழ எறங்காமப் பாத்துக்கிடுங்க," என்றாள். "இவுக தனியா இருக்க மாட்டாக."