அப்பாவின் தட்டு எங்கே?

சரியாக ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அப்பாவின் முதல் தட்டு காணாமல் போனது.

தட்டில் பாதி ஆம்லெட் இருந்தது. அப்பா கத்தியையும் முள்கரண்டியையும் தட்டிலேயே வைத்துவிட்டு, விமானத்தில் தன் தோளில் சாய்ந்து குறட்டை விட்ட ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு இரண்டு கைகளையும் ஆட்டாமல் பேச வராது. கதை முடிந்து குனிந்து பார்த்தால், தட்டு இருந்த இடத்தில் வெறும் மேஜைவிரிப்பு.

"நான் சாப்பிட்டு முடிச்சுட்டேனா?" என்று அப்பா குழப்பமாகக் கேட்டார்.

அம்மா நர்ஸ். வெளிநாட்டில் அவருடைய ஒரு வாரப் பயிற்சி முடிந்ததை அங்கேயே கொண்டாடத்தான் அப்பா, அம்மா, மகள் மூவரும் இந்தச் சின்ன பிரெஞ்சு உணவகத்துக்கு வந்திருந்தார்கள். மொத்தமே ஐந்து மேஜைகள். பரிமாற ஒரு அக்கா, சமைக்க ஒரு சமையல்காரர். அவர்கள் பேசுவது இவர்களுக்குப் புரியாது. இவர்கள் பேசுவது அவர்களுக்குப் புரியாது.

ஏழு இருபத்தைந்துக்கு இரண்டாவது தட்டும் மறைந்தது. இந்த முறை மீன். அப்பா தின்றது இரண்டே வாய்.

"பரவாயில்லை, எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சு" என்றார் அப்பா. அவர் வயிறு உடனே 'கொர்ர்' என்று அதை மறுத்தது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. எதையும் துருவித் துருவிப் பார்ப்பதால் வீட்டில் அவளுக்குத் 'துப்பு' என்று பெயர். அவள் கண் சமையலறைக் கதவில் இருந்த வட்டக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே சமையல்காரர் அப்பாவின் மீனை ஒரு துண்டு ருசி பார்த்தார். உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். தலையை ஆட்டினார். பிறகு வெள்ளைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து வர வேண்டியது கோழி. பக்கத்து மேஜைக்கு வந்துவிட்டது. எதிர் மேஜைக்கும் வந்துவிட்டது. இவர்களுக்கு மட்டும் வரவில்லை.

"அம்மா, அவர் அழப் போறார். அப்பாவுக்குச் சமையல் பிடிக்கலைன்னு நினைச்சுட்டார்" என்றாள் துப்பு.

ஆனால் தட்டை ஏன் எடுக்கிறார்கள்? அம்மாவின் தட்டை யாரும் அவசரப்பட்டு எடுக்கவில்லை. எந்த நிமிடம் யார் கூப்பிடுவார்களோ என்று ஆஸ்பத்திரியில் பழகிய அம்மா, முள்கரண்டியைக் கீழே வைக்காமல் சாப்பிட்டு முடித்துவிடுவார்.

துப்பு பக்கத்து மேஜையை நோட்டம் விட்டாள். கண்ணாடி போட்ட ஒருவர் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் விரித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அக்கா அவரைக் கடந்து போனார். சற்று நேரத்தில் அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நேராக வைத்தார். தட்டில் கொஞ்சம் உருளைக்கிழங்கு மிச்சம் இருந்தும் அக்கா வந்து எடுத்துக்கொண்டு போனார்.

துப்புவுக்குப் பொறி தட்டியது. சோதித்துப் பார்க்க வேண்டுமே. தன் மீன் தட்டில் மிச்சமிருந்த காரட்டுகளுக்குப் பக்கத்தில் இரண்டையும் நேராக அடுக்கி வைத்தாள். ஐந்து எண்ணுவதற்குள் தட்டு போய்விட்டது. அவளுக்குக் காரட் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

"கண்டுபிடிச்சுட்டேன். நேரா வச்சா 'போதும், எடுத்துக்கோ'ன்னு அர்த்தம். நீங்கதான் எதையுமே கோணலா வைக்க மாட்டீங்களே அப்பா."

அப்பா தையற்காரர். கத்தரிக்கோலும் ஸ்கேலும் அருகருகே நேராகப் படுத்தால்தான் அவருக்கு வேலை ஓடும்.

துப்பு எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்து வந்தாள். அப்பாவின் முன்னால் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்த அளவு நாடா, பென்சில் எல்லாம் கோடு போட்டது போல நேராக நின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். காலி மேஜையிலிருந்து ஒரு கத்தியையும் முள்கரண்டியையும் எடுத்து, அதே போல நேராக வைத்தாள். கடைசியாக அப்பாவின் வயிற்றைக் காட்டினாள்.

வயிறு சரியான நேரத்தில் 'கொர்ர்' என்றது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி சமையலறைக்கு ஓடினார். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் சமையல்காரர் மெதுவாக எழுந்து நின்றார்.

கோழியை அவரே கொண்டு வந்தார். கூடவே சூடாக இன்னொரு மீனும். கொண்டு வந்தவர் நகராமல் அங்கேயே நின்றார்.

அப்பா ஒரு துண்டு சாப்பிட்டார். கண்கள் விரிந்தன. எப்படி இருக்கிறது என்று கையை ஆட்டிச் சொல்வதற்காக, கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தார். நேராக.

அக்கா தட்டை எடுக்க ஓரடி முன்னால் வந்தார்.

"அப்பா."

அப்பா பதறிப்போய் முள்கரண்டியைக் கோணலாகத் தள்ளினார். ஐந்து மேஜைகளிலும் சிரிப்பு.

அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. குழம்பை ரொட்டியால் துடைத்துத் துடைத்து, தட்டைக் கழுவத் தேவையில்லாமல் செய்துவிட்டு, கடைசியில் கத்தியையும் முள்கரண்டியையும் அருகருகே நேராக வைத்தார். இந்த முறை தெரிந்தே வைத்தார். சமையல்காரர் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்தத் தட்டைத் தானே எடுத்துப் போனார்.

ஊர் திரும்பிய மறுநாள் துப்பு தையல் கடைக்குப் போனாள். பாதி தைத்த சட்டையின் மேல் கத்தரிக்கோல் ஒரு பக்கமும் ஸ்கேல் ஒரு பக்கமுமாகக் கோணலாகக் கிடந்தன. அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, இப்படிக் கிடக்கு?"

"வேலை இன்னும் முடியலைம்மா" என்றார் அப்பா. "யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"